இரண்டு சாண் அகலம்

பீளமேட்டு விமான நிலையத்தின் முன்னால் டாக்சி நின்றபோது, பின்சீட்டில் மருதாள் கடைசி லேபிளின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மணி ஏழாகவில்லை.

லேபிள்கள் முந்தின நாள் சாயங்காலம்தான் அச்சாகி வந்தன. ஆறு பனியன், ஆறு லேபிள். விடியுமுன் திருப்பூர் மண்ணரையில் வண்டியில் ஏறியவள் அவினாசி ரோடு முழுக்கத் தைத்துக்கொண்டே வந்தாள். குலுங்கும் இடத்தில் ஊசியை நிறுத்துவாள். சமதளம் வந்ததும் ஓட்டுவாள். வண்டி ஓட்டியவன் அவள் தம்பி ராசப்பன். பள்ளம் வருமுன் "அக்கா" என்பான். ஊசி நிற்கும். முன்சீட்டில் இருந்த அவள் முதலாளி பசீர் அகமது இறங்கியதும் பனியன்களை வாங்கிப் பார்த்தார். எந்தத் தையல் ஓடும் வண்டியில் விழுந்தது, எது நின்ற வண்டியில் விழுந்தது என்று அவருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இருபது வருஷமாகப் பனியன் தொழிலில் இருப்பவர் அவர்.

விமானம் அவருக்குப் புதிது. ரயிலில் போயிருக்கலாம், போனால் இரண்டு நாள். பம்பாய் வியாபாரியின் தந்தி நேற்றுக் காலை வந்தது. சரக்கு வாங்க வந்திருக்கும் வெளிநாட்டுக்காரர் நாளை விடியக்காலம் கிளம்பிவிடுகிறார், இன்று சாயங்காலம் நாலு மணிக்குள் சாம்பிள் மேசைக்கு வரவேண்டும். தொண்ணூறு நம்பர் பனியன், மார்பகலம் நாற்பத்தைந்து சென்டிமீட்டர். அதை என் டேப்பால் நானே அளப்பேன்.

கடைசி வரி எதற்கென்று பசீருக்குத் தெரியும். நாலு மாதத்துக்கு முன் இதே வியாபாரி அவர் அனுப்பிய பார்சலை அப்படியே திருப்பியிருந்தார். உள்ளே ஒரு துண்டுக் காகிதம். உங்கள் ஊர்ச் சரக்கு அளவில் நிற்காது. அந்தக் காகிதத்தைப் பசீர் கிழிக்கவில்லை. திருப்பூர் ராயபுரத்தில் அவர் ஆபீஸ் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அது இருந்தது. அதன்பிறகுதான் லூதியானாவிலிருந்து மெல்லிய துணி ஓட்டும் மெஷின் இரண்டு வரவழைத்தார். ஊருக்கெல்லாம் முப்பத்துநாலாம் நம்பர் நூல். இவர் அதைவிட மெல்லிய அறுபதாம் நம்பர் போட்டார். நாற்பது நாள் துணி ஓட்டியும் அகலம் நிற்கவில்லை. காலண்டர் பகுதியில், நீராவி காட்டித் துணிக்கு அகலம் பிடிக்கிற இடத்தில், மருதாள் வந்து நின்றபிறகுதான் நின்றது. எவ்வளவு நேரம் ஆவி காட்டுவது, எப்போது எடுப்பது என்று அவள் யாரையும் கேட்கவில்லை. துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நாலாம் நாள் அளவு வந்தது. பிறகு மாறவே இல்லை.

இன்றைக்கு அளவு சரியாக இருந்தால் புதிய மெஷின்கள் வருஷம் முழுக்க ஓடும். தவறினால் அவற்றை விற்றுவிட்டுப் பழையபடி சந்தைச் சரக்குக்குத் திரும்ப வேண்டியதுதான். மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் வரியும் உண்மையாகிவிடும்.

டிக்கெட்டைக் காட்டி எடை போட்டு முடிந்ததும் கான்டீனுக்குப் போகலாம் என்றார். பனியன்கள் வைத்த அட்டைப்பெட்டியை மருதாள் இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். வண்டியிலும் அதை அவள் மடியை விட்டு இறக்கவில்லை.

கான்டீன் என்பது ஓட்டுக் கூரை போட்ட நீளமான ஒரு அறை. ஆறு மேசை. கோடியில் தடுப்புக்குப் பின்னால் கரி அடுப்பு இரண்டு. சமைப்பதும் கொண்டுவந்து வைப்பதும் கிட்டுசாமி ஒருவன்தான். முப்பது வயதிருக்கும். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்திருந்தான். பசீர் உட்கார்ந்ததும் எந்த வண்டி என்று கேட்டான். பம்பாய் என்றார்.

"அப்ப அவசரமில்லீங்க சார். மெட்ராஸ்ல இருந்து அது வந்து எறங்கோணும். சத்தம் கேட்டப்பறம் உங்களுக்கு இருவத்தஞ்சு நிமிசம் இருக்குது."

சுவரில் கடிகாரம் இருந்தது. கிட்டுசாமி அதைப் பார்ப்பதே இல்லை. விமானம் இறங்கும் சத்தத்துக்கு இறங்குகிறவர்களின் காபி. கதவு சாத்தும் நேரத்தை எண்ணி ஏறுகிறவர்களின் இட்லி. ஒரு ஈடு எடுத்து அடுத்த ஈடு வைப்பதற்கு இடையில் வடையைத் திருப்பிப் போட்டு, பாலை இறக்கி, டிகாக்‌ஷன் வடிகட்டியின் தலையில் விரலால் ஒரு தட்டுத் தட்டினான். எதையும் அவன் இரண்டு தரம் தொடவில்லை. பசீர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கம்பெனியில் இப்படி ஒரு ஆள் இருந்தால் எந்த மெஷினில் நிறுத்தலாம் என்று யோசனை ஓடியது.

மருதாள் உட்காரவில்லை. முதலாளி உட்கார்ந்த மேசையில் உட்காரும் வழக்கம் இல்லை. பக்கத்து மேசையிலும் அவள் உட்காரவில்லை. ஜன்னலோரம் நின்று வெளியே வெறும் ஓடுதளத்தைப் பார்த்தாள். அவளுக்கும் ஒரு காபி என்று பசீர் சொன்னார். பிறகு குடிக்கிறேன் என்றாள். கிட்டுசாமி காபியை ஜன்னல் கட்டையில் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போனான்.

இட்லி நாலு வந்தது. கை வைத்தால் உள்ளே போயிற்று. காபி அதற்கு மேல். ராயபுரத்தில் எத்தனையோ கடையில் குடித்திருக்கிறார், இப்படி ஒன்று குடித்ததில்லை. பசீருக்கு மனசு இளகிவிட்டது. தப்பு அங்கேதான் தொடங்கியது.

எதிர்மேசையில் கோயமுத்தூர் ஆள் ஒருவர் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மோட்டார் பம்ப்பு செய்கிற கம்பெனிக்காரர். மாதம் இரண்டு தரம் பறக்கிறவர் என்பது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. பசீர் எதற்காகப் போகிறார் என்று விசாரித்தார். பனியன் என்றதும் சிரித்தார்.

"திருப்பூர்ப் பனியனுங்களா? நானும் வாங்கிப் போட்டிருக்கறனுங்க. மொத சலவைக்குத் தொப்புளு, ரெண்டாஞ் சலவைக்கு முட்டி. மூணாஞ் சலவைக்கு எம்பட ஊட்டுக்காரி அதையத் தலகாணிக்கு ஒறையாப் போட்டுட்டா."

கிட்டுசாமியும் தடுப்புக்குப் பின்னால் சிரித்தான். பசீரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து, ஜன்னலோரம் நாற்காலியில் இருந்த பெட்டியைத் திறந்து, மேலே இருந்ததை எடுத்தார்.

திருப்பூரில் பனியன் விற்பது வாயால் அல்ல. கடைக்காரர் முன்னால் நின்று, பனியனின் இரண்டு பக்கமும் முஷ்டியை விட்டு, மார்புக்கு நேராகப் பிடித்து ஒரு இழுப்பு. மேலும் கீழும் பிடித்து இன்னொரு இழுப்பு. விட்டால் டப்பென்று பழைய இடத்துக்கு வந்து நிற்கும். அதற்குமேல் பேச்சில்லை. பசீரின் வாப்பாவும் இப்படித்தான் விற்றார். ஒரு நாளைக்கு நூறு தரம் இழுத்த கைக்கு, இழுக்கிறோம் என்பதே தெரியாது.

பசீர் பனியனை மேலும் கீழும் பிடித்தார். ஒரு இழுப்பு இழுத்தார். விட்டார்.

டப் என்ற சத்தம் வரவில்லை.

அவர் கையில் பனியன் தொங்கியது. அறுபதாம் நம்பர் நூல், பூவிதழ் மாதிரித் துணி. அதற்குத் திரும்பிப் போகத் தெரியவில்லை. நீளம் கூடி, அகலம் உள்வாங்கி, கழுத்து வாய் பிளந்திருந்தது. மருதாள் தைத்த லேபிளைப் பார்த்தார். தொண்ணூறு.

மோட்டார்க்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். அதற்குமேல் அவர் சிரிக்கவில்லை.

பசீர் சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்து மேசைமேல் அளந்தார். நாற்பத்திரண்டு. மறுபடி அளந்தார். நாற்பத்திரண்டுதான். ஆறு பனியனும் ஆறு சைஸ். தொண்ணூறில் இருந்தது இது ஒன்றே. அந்த நேரத்தில்தான் வெளியே வானத்தில் இரைச்சல் கேட்டது. சன்னமாகத் தொடங்கி ஓட்டுக் கூரையெல்லாம் அதிர்ந்தது. விமானம் இறங்கி ஓடியது.

மருதாள் அதற்காகத்தான் ஜன்னலோரம் நின்றிருந்தாள். ஆனால் அவள் விமானத்தைப் பார்க்கவில்லை. மேசைக்கு வந்து பனியனைத் தொட்டுப் பார்த்தாள்.

"இழுத்தீங்களா?"

"ம்."

"முப்பத்துநாலாம் நம்பர் நூலுன்னு நெனச்சுட்டீங்களாட்ட இருக்குது."

நாற்பத்தாறு வயதில் பசீருக்குக் கண் கரித்தது. வேறு யாராவது இழுத்திருந்தால் திட்டியாவது இருக்கலாம்.

மருதாள் பனியனை மேசைமேல் விரித்து, கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்து மார்பில் சாண் வைத்தாள். ஒரு சாண். இன்னொன்றுக்கு இரண்டு விரல் குறைந்தது. டேப்பை அவள் எப்போதும் தொடமாட்டாள். காலண்டரில் நின்றது முதல் நாற்பத்தைந்து என்பது அவளுக்கு இரண்டு சாண். நிமிர்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். அவள் கண் கரி அடுப்பின் மேலிருந்த இட்லிக் கொப்பரையில் நின்றது. மூடியின் ஓரம் ஆவி சீறிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, அந்த ஈடு வெந்துருச்சுங்களா?"

"இன்னும் ரெண்டு நிமிசமுங்க்கா," என்றான் கிட்டுசாமி.

"எடுத்தப்பறம் அடுத்த ஈடு வெக்காதீங்க. ஆவிய எனக்குக் குடுங்க."

கிட்டுசாமி பசீரைப் பார்த்தான். மேசைமேல் கிடந்த பனியனைப் பார்த்தான். அவளுக்கு இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டான்.

காபி கொண்டுபோகும் தட்டுகள் நாலைந்து சுவரோரம் சாத்தியிருந்தன. நீள்சதுரம், அலுமினியம். மருதாள் ஒவ்வொன்றாகச் சாண் வைத்தாள். மூன்றாவது தட்டு இரண்டு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. அதை எடுத்துக் கழுவித் துடைத்தாள். துவைத்து மடித்து வைத்திருந்த இட்லித் துணி ஒன்றை வாங்கித் தட்டைச் சுற்றி இறுக்கினாள். மறுபடி சாண். இன்னொரு சுற்று. இப்போது சரி. பிறகு தலகாணிக்கு உறை போடுவதுபோலப் பனியனைத் தட்டுக்கு மாட்டினாள். தலகாணி உறை என்றதற்காக மோட்டார்க்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

கொப்பரை திறந்தது. இட்லித் தட்டுகளைக் கிட்டுசாமி தூக்கிக்கொண்டு விலகினான். ஆவி ஆளுயரம் எழுந்தது. மருதாள் முந்தானையைச் செருகிக்கொண்டு, பனியன் போட்ட தட்டை இரண்டு கையாலும் அதன் நடுவில் பிடித்தாள்.

பசீர் பக்கத்தில் போய் நின்றார். அவர் கம்பெனியில் காலண்டர் பகுதிக்கு ஒரு நாளைக்கு நாலு தரமாவது போவார். அவள் வேலை செய்வதை இதுவரை பார்த்ததில்லை என்று இப்போது தெரிந்தது. அவர் பார்த்ததெல்லாம் துணியைத்தான். அவள் உதடு அசையாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். ஆவியில் கை சிவந்தது, எடுக்கவில்லை. எண்ணி முடித்ததும் தட்டைத் திருப்பினாள். துணி நனையவும் இல்லை, காயவும் இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை. அது வந்ததும் விரல் நுனியால் நீளத்தை மேலே தள்ளினாள். தள்ளியது என்றுகூடச் சொல்ல முடியாது. நீண்டுபோன பின்னல் கண்ணிகள் அவள் விரலுக்குக் கீழே உட்கார்ந்தன. மார்புப் பக்கம் முடிந்ததும் தட்டை இறக்கி இடுப்புப் பக்கத்துக்கு நகர்த்தி மறுபடி ஆவிக்குப் பிடித்தாள்.

"பித்தாளச் சொம்பு இருக்குதுங்களா? கொதிதண்ணி ஊத்திக் குடுங்க."

அவள் கேட்குமுன்பே கிட்டுசாமி ஊற்றிக்கொண்டிருந்தான். அடிப்பக்கக் கரியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் துடைத்தும் விட்டான். அந்தச் சொம்பின் அடியால் மருதாள் பனியனை அழுத்தினாள். இஸ்திரிப் பெட்டியைப்போலத் தேய்க்கவில்லை. வைத்து எடுத்து, வைத்து எடுத்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தாள். கழுத்து வாய் மூடியது.

இறங்கியவர்கள் கூட்டமாகக் கான்டீனுக்குள் வந்தார்கள். காபி கேட்டார்கள். கிட்டுசாமி ஒரு கையால் காபி ஆற்றிக்கொண்டே, இட்லி இப்போது இல்லை என்று சொன்னான். ஒருவர் கோபித்தார். கொப்பரை ஏன் சும்மா கிடக்கிறது என்று கேட்டார். அதில் பனியன் வேகுது என்றான் கிட்டுசாமி.

பம்பாய் போகிறவர்களைக் கூப்பிட்டார்கள்.

பசீர் டேப்பை நீட்டினார். மருதாள் தட்டோடு சேர்த்துக் காட்டினாள். நாற்பத்தைந்து. ஆனால் அது தட்டின் அளவு. கழற்றினால்தான் பனியனின் அளவு தெரியும். கழற்றப் போனவரின் கையைக் குரலால் நிறுத்தினாள்.

"தொடாதீங்க. சூடு ஆறோணும். ஆறாம எடுத்தா நாப்பத்திரண்டுக்கே போயிரும்."

"எத்தன நேரம்?"

"கம்பெனியில ஒரு மணி நேரம் உடுவனுங்க. இது வெறும் ஆவி. ரெண்டு மணி நேரம் உடோணும்."

மறுபடி கூப்பிட்டார்கள். மோட்டார்க்காரர் வாசலுக்குப் போய், அங்கே நின்ற நீலச் சட்டை ஊழியரிடம் ஏதோ பேசி நிறுத்தி வைத்தார். பசீர் தட்டைப் பார்த்தார். அது கான்டீன் தட்டு. கிட்டுசாமியைப் பார்த்தார்.

"கொண்டு போங்க சார்," என்றான் அவன். "திரும்பி வாரப்பக் குடுத்தாப் போதும். ஆனா அதுல காபி வாங்கிக் குடிக்காதீங்க, அங்கத்த காபி நல்லாருக்காது."

மருதாள் பெட்டியை அதே விமானத்தில் போகும் மோட்டார்க்காரரிடம் கொடுத்தாள். தட்டைப் பசீரின் இரண்டு உள்ளங்கையிலும் படுக்க வைத்தாள். சாய்க்கக்கூடாது, மேலே எதையும் வைக்கக்கூடாது, இறங்கும் வரை கழற்றக்கூடாது. மூன்றையும் சொல்லிவிட்டு நாலாவதாக ஒன்று சொன்னாள்.

"இழுக்காதீங்க மொதலாளி."

வெயிலில் ஓடுதளத்தைக் கடந்து, ஏணியில் ஏறி, பசீர் அகமது முதன்முதலாக விமானத்துக்குள் போனார். பனியன் போட்ட தட்டை ஏந்திக்கொண்டு போனார். பெட்டியை மோட்டார்க்காரர் தூக்கி வந்தார். உள்ளே இருந்த பெண் தட்டைப் பார்த்துவிட்டு, மேலே வைக்கலாம் என்றாள். மடியிலேயே இருக்கட்டும் என்றார். பூமி கீழே போனதையோ, மேகம் வந்ததையோ அவர் பார்க்கவில்லை.

பம்பாயில் நாலு மணிக்கு அந்தத் தட்டை வியாபாரியின் மேசைமேல் வைத்தார். வியாபாரி, இது என்ன, டீயா என்று கேட்டார். பசீர் தட்டை உள்ளிருந்து மெல்ல உருவினார். பிறகு இட்லித் துணியை உருவினார். பனியன் மேசைமேல் கிடந்தது. வியாபாரி தன் டேப்பை எடுத்தார். பித்தளை முனையை ஒரு ஓரத்தில் வைத்து, இழுத்து, மறு ஓரத்தில் குனிந்து பார்த்தார். மறுபடி அளந்தார். நாற்பத்தைந்து. மயிரிழை கூடவில்லை, குறையவில்லை.

பிறகு வியாபாரி, எல்லா வியாபாரியும் செய்வதுபோல, இரண்டு கையையும் பனியனுக்குள் விடப் போனார். பசீர் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். வியாபாரி ஒருவரின் கையை அவர் பிடித்தது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. தனக்குத் தெரிந்த இந்தியில், இது இழுத்துப் பார்க்கிற சரக்கில்லை, போட்டுப் பார்க்கிற சரக்கு என்றார். வியாபாரி அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். மணி அடித்து, உள்ளே இருந்த வெளிநாட்டுக்காரரைக் கூப்பிடச் சொன்னார். அந்த மனிதர் அங்கேயே சட்டையைக் கழற்றிப் பனியனைப் போட்டுக்கொண்டார். கண்ணாடியில் பார்த்தார். கையைத் தூக்கினார், இறக்கினார். சாயங்காலம் சட்டைக்குள் அதைப் போட்டபடியே போய்விட்டார். ஆர்டரின் முதல் வரியில் தொண்ணூறு நம்பர்தான் இருந்தது.

மூன்றாம் நாள் பசீர் பீளமேட்டில் இறங்கினார். கையில் தட்டு. கான்டீனுக்குள் நுழைந்தபோது இறங்குகிறவர்களுக்கான காபி ஆறிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் மருதாள் நின்றாள். ராசப்பனோடு வண்டியில் வந்திருந்தாள்.

ஆர்டர் என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை.

"நின்னுச்சுங்களா?" என்று கேட்டாள்.

"நின்னுச்சம்மிணி. நாப்பத்தஞ்சுல அசையாம நின்னுச்சு."

தலையை ஆட்டினாள். இட்லித் துணியை வாங்கி உதறி மடித்தாள்.

கிட்டுசாமி தட்டை வாங்கிக்கொண்டான். அன்றைக்கு அக்காவின் காபி ஜன்னல் கட்டையில் ஆடை கட்டிப்போய் அப்படியே இருந்ததையும், தான்தான் எடுத்துக் கொட்டியதையும் பசீரிடம் சொன்னான். குற்றமாகச் சொல்லவில்லை. அவன் காபி கொட்டப்படுவது அபூர்வம், அதனால் ஞாபகம் இருந்தது.

பசீருக்கு முகம் சுருங்கியது. மேசைக்குப் போனார். எதிரில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரு."

"இருக்கட்டுங்க."

"உக்காரம்மிணி. நீ உக்காராம நான் குடிக்கறதில்ல. பம்பாயில ரெண்டு நாளா வெந்நீதான் குடிச்சேன்."

மருதாள் வாசலைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். பிறகு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கிட்டுசாமி அதே தட்டில் இரண்டு காபி கொண்டுவந்து நடுவில் வைத்தான். வெளியே விமானம் திரும்பி நின்று இரைந்தது. இந்தத் தரம் அவள் அதைப் பார்த்தாள். அது ஓடி, எழுந்து, கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரை பார்த்தாள். பிறகு டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். பசீரும் கிட்டுசாமியும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"சக்கர சித்த தூக்கலுங்க," என்றாள்.

கிட்டுசாமி வாங்கிக்கொண்டு போய் வேறு கலக்கினான்.